மாசம் முடிந்து பிறந்த பிள்ளை

எட்டாம் மாசத்தில் ஏணி ஏறியதால்தான் வனிதாவுக்குக் கர்ப்பப்பை போயிற்று என்று கொல்லிமலையின் பைல் நாட்டில் நாலு ஊர் பேசியது. அது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் நாலு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான். இதை எழுத உட்கார்ந்தால் யார் யார்மேலோ கோபம் வருகிறது. முதலில் என்மேல், அதற்கப்புறம் வரிசையாக மற்றவர்கள்மேல்.

என் பெயர் மைதிலி. கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, மாத்திரை கொடுப்பது, பிரசவத்துக்கு மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பிறந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது எல்லாம் என் வேலை. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நேரில் என்னைச் சிஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வாயாடி நர்ஸ் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த மலையில் வாய் இல்லாதவள் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. நான் வேலை பார்க்கும் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வனிதாவை வந்து பார்த்துவிட்டுப் போக நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

வனிதாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர்ப் பெண். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், அம்மா தோட்ட வேலை செய்து வளர்த்தாள். உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தாள். கீழே காலேஜில் இடம் கிடைத்துப் போனவள், ஹாஸ்டல் சோற்றுக்காக வார்டனோடு சண்டை போட்டுவிட்டு இரண்டே மாசத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். சதீஷ்குமாரை அவளே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். அவன் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். மலையிலிருந்து அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவான். நல்ல பையன், ஆனால் அவன் அம்மா சென்னம்மாள் முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்வான்.

மிளகு பறிப்பதில் வனிதாவை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இங்கே மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கால் வைக்கக் குச்சி அடித்த ஏணி, அதை மரத்தில் சாத்தி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிடுகிடுவென்று முப்பது அடி ஏறிவிடுவாள். ஏறியபின் சும்மா இருக்க மாட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் பறிப்பவளைக் கூப்பிட்டு வம்பிழுப்பாள். ரோட்டில் நான் நடந்து போனால், ஏனுங்க சிஸ்டர், யாருக்கு ஊசி குத்தப் போறீங்க என்று மேலிருந்து குரல் வரும். ஆளைத் தேடி அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்துப்போகும்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று என்னிடம் வந்தது செப்டம்பர் மாசம். கடைசியாக எப்போது விலக்கு ஆனாய் என்று கேட்டேன். அவளுக்கு ஒழுங்காக வருகிற வழக்கம் இல்லை. மே கடைசியா, ஜூனா, தெரியவில்லை என்றாள். படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். இந்த மலையில் மட்டும் பதினோரு வருஷமாக வயிறு தொட்டுப் பழகிய கை இது. பதினாறு வாரம். சந்தேகமே இல்லை.

பதினாறு என்று எழுதினால் என்ன ஆகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கர்ப்பிணியைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். நல்ல விதிதான், யார் இல்லை என்றது? ஆனால் மலைப் பெண்ணுக்கு நாலு கிலோமீட்டர் நடந்து வர நேரம் கிடைக்க வேண்டுமே. மாசாமாசம் கூட்டத்தில் ஒவ்வொரு நர்ஸுக்கும் எத்தனை சதவீதம் என்று படிப்பார்கள். தொண்ணூறுக்குக் கீழே இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஆகஸ்ட் கூட்டத்தில் நான் நின்றேன். என் வயசுக்கும் சர்வீசுக்கும், நேற்று வேலைக்கு வந்த பெண்கள் உட்கார்ந்து பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். அந்த எரிச்சல் செப்டம்பரிலும் ஆறவில்லை. வனிதாவுக்கு ஜூன் இருபது என்று தேதி போட்டேன். பன்னிரண்டு வாரம் ஆகவில்லை என்று ஆகிவிட்டது. பிரசவத் தேதி மார்ச் இருபத்தேழு என்று கம்ப்யூட்டர் காட்டியது. மற்ற நர்சுகள் இப்படிச் செய்தார்களா என்பது எனக்கு வேண்டாத பேச்சு. நான் செய்தேன்.

ஸ்கேன் வந்தால் சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நவம்பரில் கீழே போய் ஸ்கேன் எடுத்து வந்தாள். இருபத்துநாலு வாரம் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. என் கணக்கில் இருபது. தேதியை மாற்ற வேண்டுமானால் டாக்டரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை மடித்து அவளுடைய ஃபைலில் வைத்துவிட்டேன். பிள்ளை எப்படி இருக்குதுங்க என்று கேட்டாள். ஜம்மென்று இருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை, பிள்ளை ஜம்மென்றுதான் இருந்தது.

மலைப் பெண்களைத் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தங்க வைத்துவிடுவோம். எழுபது கொண்டை ஊசி வளைவு, வலி வந்த பிறகு இறங்குகிற ரோடா அது? வனிதாவை நான் பிப்ரவரி நடுவில் இறக்கியிருக்க வேண்டும். என் பொய்க் கணக்குப்படி மார்ச் நடுவில். பிப்ரவரி இரண்டாம் வாரம் அவளே வந்து, வயிறு இறங்கின மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். தலை இறங்கியிருந்தது. எப்படியாவது ஒரு காரணம் சொல்லி அடுத்த வாரமே அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கும் வேலை வந்தது, அப்புறம் ஒரு கூட்டம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். தள்ளிப்போட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி மிளகு பறிக்கக் கூலிக்கு வர வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. கீழ்க்கொடியை மட்டும் பறித்துவிட்டு வா என்று மருமகளை அனுப்பியது சென்னம்மாள்தான். அதை அந்தம்மா பிறகு சொல்லவே இல்லை. வனிதா ஏணியில் ஏழெட்டுக் குச்சி ஏறியிருப்பாள். மத்தியானம் வலி கண்டது. சதீஷ்குமாரின் வண்டியில் தார் ரோடு வரைக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில், கூடவே நானும். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் என் முழங்கையை நெரித்துப் பிடித்தாள். பாதி மலை இறங்கும் முன் பிள்ளை வண்டியிலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. நல்ல அழுகை. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. அதற்குமேல் அந்த வண்டியில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஆம்புலன்ஸ் தம்பி தன்னால் ஆனதற்கு மேலேயே செய்தான். கீழே போய்ச் சேரும்போது அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒன்பது பாட்டில் ரத்தம் ஏறியது.

அங்கே இருந்த லேடி டாக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். பிள்ளை இரண்டே முக்கால் கிலோ, மாசம் முடிந்த பிள்ளை, ஏன் முன்னாலேயே கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"அவங்க தேதி சரியாச் சொல்லலீங்க டாக்டர்."

பழியை அப்படியே ஒரு மயக்கத்தில் கிடந்தவள் தலையில் வைத்தேன். டாக்டருக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது, போய்விட்டார். மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினக் கூட்டத்தில், பன்னிரண்டு வாரத்துக்குள் நூறு சதவீதம் பதிவு செய்ததற்காக எனக்குச் சால்வை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மூஞ்சியைப் பார்த்தால் எனக்கே அறைய வேண்டும்போல இருக்கிறது.

வனிதா வீடு திரும்பியபோது கதை தயாராக இருந்தது. கர்ப்பிணி கார்டில் நான் எழுதிய பிரசவத் தேதி மார்ச் இருபத்தேழு. பிள்ளை பிறந்தது பிப்ரவரி இருபத்திரண்டு. அப்படியானால் எட்டாம் மாசம். எட்டாம் மாசத்தில் எதனால் வலி வந்தது? ஏணி ஏறினாள், வந்தது. சென்னம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொன்னாள். அடங்காதவள், வயிற்றுப் பிள்ளையோடு மரம் ஏறி இருந்த ஒரு பையையும் தொலைத்துவிட்டாள், என் மகனுக்கு இனி ஒரு ஆண் பிள்ளைக்கு வழியில்லை என்று. பார்க்க வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிள்ளை பிழைத்ததே பெரிசு, நீ பிழைத்ததே பெரிசு, அதை நினைத்துச் சந்தோஷப்படு என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். ரத்தம் போனவளுக்கு, பை போனவளுக்கு, பயந்து செத்துப் பிழைத்தவளுக்கு எதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று பாடம் எடுக்க இவர்கள் யார்? எனக்கு அப்போதும் ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை?

மரத்து மேலிருந்து ஊரையே வம்பிழுத்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அழுதிருந்தால் பரவாயில்லை. அழவும் இல்லை. பால் கொடுக்கப் பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் வைத்தால் கொடுப்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. குடித்து முடித்ததும் பாயில் கிடத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். பிள்ளை வீறிட்டாலும் திரும்ப மாட்டாள். பெயர்கூட வைக்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளைமேல் ஆசை இல்லை, கல் நெஞ்சு என்றாள் மாமியார். ஆசை இல்லாமல் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தான் செய்ததாக அவள் நினைத்த தப்பு தெரிந்தது, அதனால் பார்க்கவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாற்பதாம் நாள் நான் பார்க்கப் போனபோது அவளே கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை. நான் பிள்ளையை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நான் ஏணி ஏறாம இருந்திருந்தா மாசம் முடிஞ்சு பொறந்திருக்குமுங்களா?"

நாற்பது நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லை கண்ணு, மாசம் முடிந்துதான் பிறந்தது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் தலையிலிருந்த பாறை இறங்கியிருக்கும். நான் தராசைப் பைக்குள் வைத்தேன். அதையெல்லாம் நினைக்காதே சாமி, நடந்தது நடந்துபோயிற்று என்று சொல்லி அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் மறுபடி சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை சதீஷ்குமார் என் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தான். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை வேறு ஊருக்கு மாற்றித் தர முடியுமா என்றான். எதற்கு என்றேன். அவனுடைய அக்கா சங்கீதா புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை. பிள்ளையை அவளே வளர்க்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறாள், இனி ஊசியெல்லாம் அங்கேதான் என்றான். எனக்கு வந்த கோபத்தில் அட்டையை அவன் மூஞ்சியில் எறிந்தேன். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க நீங்கள் யாரடா என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. கீழே விழுந்த அட்டையை எடுத்துத் துடைத்தான்.

"அவளேதான் கொடுத்துடச் சொன்னாளுங்க. மாசம் முடியறதுக்குள்ள இழுத்துக் கீழ போட்டவ நானு, எனக்கு எதுக்குப் புள்ளைன்னு கேக்குறாளுங்க. நான் என்ன பண்ணட்டுமுங்க?"

சொல்லிவிட்டு அழுதான். நான் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மலை இறங்கினால், வனிதா தன்னை ஒரு பாவி என்று நினைத்துக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிப்பாள். அதை எழுதிக் கொடுத்தது என் பேனா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் யோசித்ததை மறைக்கவில்லை. வேலை போகும். பென்ஷனுக்கு ஆறு வருஷம் இருக்கிறது. என் பெரியவன் காலேஜில் இரண்டாம் வருஷம். வனிதாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்படிச் சொன்னால் அவளுக்கு மட்டும் தெரியும், நாலு ஊரும் ஏணியைத்தான் பேசும். அது போதாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். சங்கீதா வந்துவிட்டிருந்தாள். பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. புதுத் துண்டும் குல்லாயும் வாங்கி வந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் இருந்தது. சென்னம்மாள் பிள்ளைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சதீஷ்குமார் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வனிதா உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சதீஷ்குமாரை உள்ளே வரச் சொன்னேன். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"இந்தப் புள்ளை எட்டாம் மாசத்துல பொறக்கல. மாசம் முடிஞ்சு பொறந்தது. ஏணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கார்டுல இருக்கற தேதி நான் பொய்யா எழுதுனது."

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துச் சதீஷ்குமார் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம் அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை. அதை எடுத்துவரச் சொல்லி, மாசம் முடிந்த குழந்தை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். ஏன் பொய் எழுதினேன் என்பதையும் சொன்னேன். கூட்டத்தில் நின்றதை, சால்வை வாங்கியதை, டாக்டரிடம் பழியைத் திருப்பியதை, எல்லாவற்றையும். சரியான தேதி போட்டிருந்தால் வனிதா முன்னாலேயே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள், பை போயிருக்காது என்றும் சொன்னேன். சென்னம்மாள் நம்பவில்லை. சர்க்கார் நர்ஸ் எதற்குப் பொய் எழுதப் போகிறாள், மருமகளுக்காகப் பேச வந்திருக்கிறாள் என்றாள்.

வனிதா எழுந்து வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"நாப்பதாம் நாளு நான் உங்களைக் கேட்டனுங்களே?"

கேட்டாய் என்றேன்.

"கேட்டதுக்கு என் தலையைத் தடவிட்டுப் போனீங்க."

ஆமாம் என்றேன். அப்புறம் அவள் கத்திய கத்தலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தையே இல்லை முதலில், வெறும் கத்தல். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் வார்த்தை வந்தது. நாலு மாசமாக என் பிள்ளை முகத்தை நான் பார்க்கவில்லையே, பாலைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்குமே, அதைப் பார்க்க விடாமல் செய்துவிட்டீர்களே என்றாள். என் வயிற்றில் கை வைத்தீர்களே, அந்தக் கைக்குத் தெரிந்துதானே பொய் எழுதியது என்றாள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்து நின்றால் அவள் இரக்கப்பட வேண்டியிருக்கும், அது அவளுக்கு இன்னொரு வேலை.

என்னோடு முடித்துவிட்டு மாமியாரிடம் திரும்பினாள். அன்றைக்கு என்னை ஏணிக்கு அனுப்பியது யார், ஊருக்கெல்லாம் அதையும் சேர்த்துச் சொன்னாயா என்று ஒருமையில் கேட்டாள். சென்னம்மாள் பொட்டுச் சிமிழை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு புருஷன். உங்கள் அம்மா பேசியபோது உங்கள் வாய் எங்கே போயிருந்தது, நாலு மாசத்தில் ஒரு தடவையாவது அவளை விடு என்று சொன்னீர்களா என்று கேட்டாள். இப்போதாவது பேசு என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் அப்போதும் அழுதான். அவன் அழுகையைத் துடைக்க அவளுக்கு அன்றைக்கு நேரமில்லை.

கடைசியாகச் சங்கீதா முன்னால் போய்க் கையை நீட்டினாள். சங்கீதா பிள்ளையை ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். வனிதா பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். பொட்டைத் தன் சேலையால் அழித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை பயந்து அழ, தானும் சேர்ந்து அழுதாள். பிப்ரவரியிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கிட்டே போனேன்.

"நீங்க வெளிய போங்க. இந்த ஊட்டுல இனிக் கால் வெக்காதீங்க."

போனேன்.

மறுநாளே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், டாக்டரிடம் என்மேல் எழுத்தில் புகார் கொடுத்தாள். மூன்று பக்கம். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே நானும் எழுதிக் கொடுத்திருந்தேன். விசாரணை இன்னும் நடக்கிறது. சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள், வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. எனக்கு மெமோ கொடுத்தவர்களிடம், கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்தவர்களுக்கு மெமோ கிடையாதா என்று கேட்டேன். அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று பதில் வந்தது. இப்போது நான் கைக்குத் தெரிந்த வாரத்தைத்தான் எழுதுகிறேன். மாசாமாசம் கூட்டத்தில் நிற்கிறேன். நின்றால் கால்தான் வலிக்கிறது.

வனிதா ஒரே நாளில் சரியாகிவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனநல டாக்டர் மாசத்துக்கு ஒருமுறை மலைக்கு வருகிறார். அவரிடம் பேச வேறொரு நர்ஸ்தான் அவளை அழைத்துப்போனாள், நான் சொல்லி அனுப்பினேன் என்று தெரிந்தால் வரமாட்டாள் என்பதால் என் பெயரைச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்கிறாளாம். சில நாள் பிள்ளையைக் கீழே விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாளாம், சில நாள் மாமியாரிடம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். இனி ஒரு பிள்ளை கிடையாது என்பது அவ்வப்போது புதுசாக ஞாபகம் வந்து எல்லோர்மேலும் எரிந்து விழுகிறாள். பேசாமல் இருந்ததே தேவலாம், இப்போது வாயைத் திறந்தால் மூட மாட்டேன் என்கிறாள் என்று சென்னம்மாள் பஸ் ஸ்டாப்பில் புலம்பினாள். எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. சதீஷ்குமார் அதே வீட்டில் இரண்டு அறையைப் பிரித்துக்கொண்டு, தனியாகச் சமையல் வைத்துவிட்டான். பிள்ளைக்கு வெண்மதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நாலு மாசத்தை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டு வழியாகப் போனதில்லை. மன்னிக்க வேண்டும் என்ற வேலையையும் அவள் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

நவம்பர் கடைசியில் ஒன்பதாம் மாச ஊசி. வனிதா வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். தடுப்பூசி நாளன்று வரிசையில் ஆறாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. அவள் முறை வந்ததும் அட்டையை நீட்டினாள். மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். பாட்டிலை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எந்த நாளில் காய்ச்சல் வரும், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெண்மதியை மடியில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டது. மலைக்காற்றில் வளர்ந்த தொண்டை, கூரையே பிய்த்துக்கொண்டு போகும்போல இருந்தது. பழக்கதோஷம், என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஒன்றுமில்லை சாமி, அழாதே, ஒன்றுமே இல்லை என்றேன்.

வனிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க சிஸ்டர். வலிக்குது, கத்துறா. கத்தட்டும்."

பிள்ளை மூச்சுப் பிடித்துக் கத்தியது. அவள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அது தானாக ஓய்கிறவரை உட்கார்ந்திருந்தாள். நான் அட்டையில் அன்றைய தேதியை எழுதினேன். வரிசையில் இருந்த யாரும் அவசரப்படுத்தவில்லை.